ரயிலை காண்ட்ராக்ட் விடுவதற்கு முன்னால், எங்கள் ஜீப்பைப் பாருங்கள்!



போன மாதம் எங்கள் வீட்டு வளைகாப்புக்கு சென்னையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவள். வளையல் அடுக்கி முடிந்து, எல்லோரும் கலந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு ரயிலில் வந்து நின்றது. "மதினி, பேசாம மின்சார ரயிலை எல்லாம் ஒரு தனியார் கம்பெனிகிட்ட காண்ட்ராக்ட்டுக்கு விட்டுடணும். அப்பத்தான் கூட்டத்துக்கு ஒரு விடிவு வரும். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் ஓடுதாமே!" என்றாள். அவ்வளவுதான். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு அண்ணன் இலையை விட்டு எழாத குறை! "தனியார் வந்தா 5 ரூபா டிக்கெட் 50 ரூபா ஆகும், பாத்துக்க" என்று அவர் ஒரு பக்கம். இவள் ஒரு பக்கம். பந்தி முடிகிற வரைக்கும் இதே சண்டை.

நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ரசம் ஊற்றுகிற வேலை எனக்கு. ஆனால் ராத்திரி படுத்த பிறகு, ரெண்டு பேருமே கேட்க வேண்டியதைக் கேட்கவில்லையே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரயிலைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நினைக்காதீர்கள். எனக்குக் காண்ட்ராக்ட் தெரியும். போடியில் ஜீப்பில் ஏறிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும்!

கல்யாணமான புதிதில் ஐந்து வருஷம் நானும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள்தான். விடியற்காலை 5 மணிக்குத் தெரு முனையில் ஜீப் வந்து ஆரன் அடிக்கும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, குளிருக்கு வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டு போய், அங்கிருந்து பூப்பாறை பக்கம் இறங்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் வேலை நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் தோட்டத்துக்காரர்களே ஜீப் பேசி விடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள்.

முதலில் நான் போன தோட்டத்தில் ஜீப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. தலைக்குக் காசு என்றால் என்ன ஆகும்? தலை கூடும்! "மடியில உக்காருங்கக்கா, சின்னப் புள்ளதான", "பின்னாடி கம்பியப் பிடிச்சு நில்லுங்கக்கா, மெட்டு வரைக்கும்தான" என்று சொல்லிச் சொல்லியே ஏற்றுவார் டிரைவர். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர் போயிருக்கிறோம். வளைவில் திரும்பும்போது கீழே பள்ளத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வேன். தோட்ட ஆட்கள் போன ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தியை நாம் எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம்!

அடுத்த தோட்டத்தில் வேறு மாதிரி. ட்ரிப்புக்கு இவ்வளவு, சாயங்காலம் 6 மணிக்குள் மெட்டு தாண்டிவிட வேண்டும் என்று பேச்சு. கூட்டம் குறைந்தது. அப்பாடா என்றிருந்தோம். ஆனால் டிரைவர் பறப்பார். ஐப்பசி மாதம் ஒருநாள், மழையும் பனிமூட்டமுமாக இருட்டிக்கொண்டு வந்தது. என்னோடு வேலை செய்த மாசமான பெண் ஒருத்தி ஒதுங்கப் போனாள். துணைக்கு நான் போனேன். திரும்பி வந்தால் ஜீப்பைக் காணோம்! ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பூப்பாறை வரை நடந்து, அங்கே ஒரு லாரிக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ராத்திரி 9 மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஆறு மணிக்குள்ள மெட்டு தாண்டணும்னுதானக்கா எங்கிட்ட பேச்சு? ஆளைப் பத்தி யாரும் பேசலையே!"

அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் எதைப் பேசினார்களோ அதைச் செய்தார்.

பிறகு காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள் பார்த்து, யாரும் வேலைக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்தோம். ஒரு ஜீப்புக்குப் பத்துப் பேர்தான், சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லோரும் இறங்கியதைக் கங்காணி எண்ணிச் சொன்ன பிறகுதான் டிரைவருக்கு வாடகை என்று முடிவாயிற்று. அதற்கப்புறம் ஒருத்தியும் மலையில் நிற்கவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாடகை கூடிப்போச்சு என்று எங்கள் கூலியில் ஆளுக்கு ரெண்டு ரூபாய் பிடித்தார்கள். நல்ல ஏற்பாடு என்றால் அதற்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

தனியார் கம்பெனி காண்ட்ராக்ட்டில் ரயில் ஓட்டுவது ஏதோ புதுசு என்று என் நாத்தனார் நினைக்கிறாள். அவள் தினமும் போகிற பாதையே அப்படி ஆரம்பித்ததுதான்! சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931ம் வருஷத்தில் அதை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. லண்டனில் பதிவான தனியார் கம்பெனி. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு ஓட்டியது. எங்கள் மதுரை-போடி பாதை 1928ல் திறந்தபோது ஓட்டியதும் அதே கம்பெனிதான். 1944 ஏப்ரல் 1ல்தான் அரசாங்கம் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தெற்கு ரயில்வே என்ற பெயர் வந்தது 1951ல்.

அந்தக் காலத்து ஒப்பந்தங்களின் பேச்சு என்ன தெரியுமா? 1850களில் இங்கே ரயில் போட வந்த கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் உறுதி. வருமானம் குறைந்தால் மிச்சத்தை அரசாங்கம், அதாவது நம் பாட்டன் பூட்டன் கட்டிய வரி, ஈடுகட்டும்! அப்புறம் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இருக்கிறவன் நின்றால் என்ன, நெரிந்தால் என்ன? அந்த வகுப்பின் கூட்டத்தையும் அழுக்கையும் பற்றி 1917ல் காந்திஜி நொந்துபோய் எழுதினார். இத்தனைக்கும் பயணிகளிடம் வந்த வருமானத்தில் பெரும்பகுதி அந்த மூன்றாம் வகுப்புக்காரர் கொடுத்ததுதான். எங்கள் முதல் ஜீப் ஞாபகம் வருகிறதா?

இப்போது வெளிநாட்டுக்கு வருவோம். என் அண்ணன் மகள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். வளைகாப்புப் படம் அனுப்பியபோது இந்தச் சண்டையையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அத்தை, எங்க ஊர் ரயிலே அப்படித்தான் ஓடுது" என்றாள். அவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அங்கே 1999ல் புறநகர் ரயிலை ரெண்டாகப் பிரித்து ரெண்டு கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்று, இங்கிலாந்துக் கம்பெனி, கட்டுப்படியாகவில்லை என்று 2002 டிசம்பரில் விட்டுவிட்டுப் போய்விட்டது. நடுத்தெருவில் ரயிலை விட முடியுமா? அரசாங்கம்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. பிறகு 2004ல் மொத்தமும் இன்னொரு கம்பெனி கைக்குப் போனது. 2009 நவம்பர் 30லிருந்து மெட்ரோ டிரெயின்ஸ் மெல்போர்ன் என்ற கம்பெனி. ஹாங்காங்கின் எம்.டி.ஆர். நிறுவனம் அதில் பெரிய பங்காளி. ரயிலும் தண்டவாளமும் அரசாங்கத்துடையதுதான். டிக்கெட் விலையை வைப்பதும் அரசாங்கம்தான். ஓட்டுவதும் பராமரிப்பதும் கம்பெனி. அதனால் தனியார் என்றதும் டிக்கெட் பத்து மடங்காகிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயந்தது அங்கே நடக்கவில்லை. விலையை யார் வைப்பது என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் இன்னொன்று நடந்தது. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! குறித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் ரயில் போய்ச் சேர்ந்தால் அது சரியான நேரம் என்று கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் கம்பெனிக்கு ஊக்கத் தொகையும் அபராதமும். தாமதமான ரயில் என்ன செய்யும்? நடுவில் சில ஸ்டேஷன்களில் நிற்காமலே ஓடி, போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போய்விடும்! நகரத்துக்கு நடுவே சுற்றிவரும் சுரங்கப் பாதையை விட்டுவிட்டுப் போகும். ஆல்டோனா என்ற பகுதிக்காரர்கள் தங்கள் பக்கம் வர வேண்டிய ரயில் வராமல் நேர்வழியில் போய்விடுகிறதே என்று வருஷக்கணக்காகப் புலம்பினார்கள். கணக்கில் ரயில் சரியான நேரம். பிளாட்பாரத்தில் நிற்கிறவளுக்கு? 2017ல் புது ஒப்பந்தம் போட்டபோதுதான் இப்படி ஸ்டேஷனைத் தாண்டி ஓடுவதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

ஆளைப் பத்தி யாரும் பேசலையே!

எங்கள் ஜீப் டிரைவர் சொன்னதைத்தான் அத்தனை பெரிய நகரத்திலும் கோட்டு சூட்டுப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2012லிருந்து அங்கே மாலை 6 மணிக்கு மேல் கடைசி ரயில் போகிற வரைக்கும் ஸ்டேஷன்களில் காவலர்களை நிறுத்தத் தொடங்கினார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வருகிற என் அண்ணன் மகளுக்கு அது பெரிய தைரியம். ஆனால் அவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, மாநிலப் போலீஸைச் சேர்ந்தவர்கள். பெண்களுக்கு எது முக்கியமோ அதை அரசாங்கம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

துப்புரவு விஷயம் வேறு கதை. ரயில் பெட்டியைக் கழுவுகிற வேலையைக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விட்டிருந்தது. துப்புரவுக் கம்பெனிக்காரரிடம் ரயில் கம்பெனி அதிகாரி ஒருவர் பணம் வாங்கியது அந்த மாநில ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணையில் 2020ல் வெளியே வந்தது. கொரோனா நேரத்தில் கழுவியதாகச் சொன்னபடி கழுவவில்லை என்பதும் சேர்ந்தே வந்தது. காண்ட்ராக்ட்டுக்குள் காண்ட்ராக்ட் என்றால் இப்படித்தான். வேலைக்காரம்மா தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பினால் நாம் அடுப்படியில் நின்று ரெண்டு மடங்கு பார்க்கிறோமே, அதுபோலப் பார்க்க ஆள் வேண்டும்.

பார்க்கிறவர் பார்க்காமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு அர்ஜென்டினா நாட்டின் பியூனஸ் அயர்ஸ் நகரம் இருக்கிறது. அங்கே சார்மியெந்தோ என்ற புறநகர்ப் பாதையைத் தனியார் கம்பெனி ஓட்டிவந்தது. அரசாங்கம் மானியம் கொட்டிக் கொடுத்தது. பராமரிப்பு சரியில்லை என்று தணிக்கைக்காரர்கள் எழுதியும் வைத்தார்கள். 2012 பிப்ரவரி 22, காலை வேலைக்குப் போகிற கூட்டம். ஓன்சே ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போய் முட்டி 51 பேர் செத்துப்போனார்கள். அந்த மே மாதமே ஒப்பந்தம் ரத்து. பிறகு கம்பெனி முதலாளிக்கும், டிரைவருக்கும், போக்குவரத்துத் துறையில் முன்பு இருந்த அதிகாரிகளுக்கும் கோர்ட் தண்டனை கொடுத்தது. அதிகாரிகளும் தண்டனை பெற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். காண்ட்ராக்ட் விட்டாலும் பொறுப்பு விட்டுப்போவதில்லை.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. டெல்லி விமான நிலைய ரயிலை 2011ல் தனியார் கம்பெனி ஓட்டத் தொடங்கியது. 2012 ஜூலையில் பாலத்தில் கோளாறு என்று ரயில் நின்றது. 2013 ஜூலையிலிருந்து டெல்லி மெட்ரோவே ஓட்டுகிறது. கேஸ் மட்டும் சுப்ரீம் கோர்ட் வரை 2024 வரைக்கும் நடந்தது. குர்காவ்ன் ரேபிட் மெட்ரோ 2013ல் தனியார் கையில் ஆரம்பித்து, 2019ல் அரசுப் பக்கம் வந்தது. மும்பையின் முதல் மெட்ரோ 2014ல் ஓடத் தொடங்கியபோதே டிக்கெட் விலையை யார் வைப்பது என்று கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் தகராறு. ஹைதராபாத் மெட்ரோவை நடத்திய எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து அதை எடுத்துக்கொள்ள 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு கொள்கையளவில் சம்மதித்தது. இவை எல்லாம் மெட்ரோ. புறநகர் மின்சார ரயில் இல்லை. ஆனாலும் லாபம் வந்தால் கம்பெனிக்கு, தலைவலி வந்தால் நமக்கு என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் வரத்தானே செய்யும்?

அதற்காக, அரசாங்கம் ஓட்டினால் எல்லாம் தேன் என்று நான் சொல்ல வரவில்லை. போடிக்காரி அப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும்! இரண்டாம் உலகப் போரின்போது எங்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். அப்புறம் அகலப் பாதை ஆக்குகிறோம் என்று 2010 டிசம்பர் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே 26ல். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15ல். பன்னிரண்டரை வருஷம்! ரயில் நின்றபோது ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகள், ரயில் வந்தபோது பள்ளிக்கூடமே முடித்துவிட்டார்கள். பிரசவத்துக்கு, கண் ஆபரேஷனுக்கு, மதுரைக்குப் போன பெண்கள் எல்லாம் பஸ்ஸில் இடுப்பு ஒடியப் போனோம். இத்தனை நாளுக்குள் முடிக்காவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் நஷ்டம் எங்களுக்கு.

ஆக, தனியாரா அரசாங்கமா என்று பந்தியில் சண்டை போடுவதைவிட, எதற்குக் காசு கொடுக்கிறோம், யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம் இல்லையா? ஓடிய கிலோமீட்டருக்குக் காசு என்றால் காலி ரயில் ஓடும். ஏறிய தலைக்குக் காசு என்றால் எங்கள் முதல் ஜீப். நேரத்துக்குக் காசு என்றால் ரெண்டாவது ஜீப்.

சென்னையில் புறநகர் ரயிலைத் தெற்கு ரயில்வேதான் ஓட்டுகிறது. ஆனால் காண்ட்ராக்ட் என்ற வார்த்தை பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2020 ஜூலையில் நாடு முழுக்க 109 தடங்களில் 151 ரயில்களைத் தனியாருக்கு விட மத்திய அரசு விண்ணப்பம் கேட்டது. போதிய ஆள் வராமல் அது நின்றுபோனது. 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத் தனியார் ரயில் ஒன்று கிளம்பியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைகளை ஓட்டும் வேலையை 12 வருஷ ஒப்பந்தத்தில் டெல்லி மெட்ரோவிடம் கொடுத்திருக்கிறார்கள். அது அரசு நிறுவனம்தான். இருந்தாலும் காண்ட்ராக்ட் காண்ட்ராக்ட்தான். நாளைக்கு மின்சார ரயிலுக்கும் அந்தப் பேச்சு வந்தால், ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவிடப் போகிறார்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை எழுதுவார்களா? லேடீஸ் பெட்டியில் ராத்திரி யார் நிற்பார்கள் என்பதை? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்? கூடைக்கார அம்மாவை ஏற்ற வேண்டும் என்று இருக்குமா, அல்லது கூடை இடம் அடைக்கிறது என்று இறக்கிவிடுவார்களா? சீசன் டிக்கெட் விலை யார் கையில்? ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சடித்து ஸ்டேஷனில் ஒட்டுவார்களா? நேரக் கணக்கை கம்பெனியே எழுதிக் கம்பெனியே டிக் அடித்துக்கொள்ளுமா?

இதற்கெல்லாம் செலவு ஆகும். எங்களுக்குக் கூலியில் ரெண்டு ரூபாய் போனது மாதிரி, அங்கேயும் யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை டிக்கெட்டில் ஏற்றுவதா, அரசாங்கம் தருவதா என்பதையும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லட்டும். பின்னால் பிடித்தம் செய்யும்போதுதான் வயிறு எரிகிறது.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பிய அன்று போடி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். வாரத்தில் மூன்று நாள்தான் சென்னைக்கு இந்த ரயில். விட்டால் பஸ்தான். பிளாட்பாரத்தில் நின்றபடி ஜீப் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கே இது தெரியாது! கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்த மாசமான பொண்ணு என்ன ஆனா மதினி?" என்று கேட்டாள். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது, இப்போது அந்தப் பிள்ளையே ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்றேன். "எங்க பெட்டியில தினமும் வர்ற பொம்பளைங்க இருபது பேராவது இருப்போம். என்னென்ன எழுதணும்னு கேட்டு ஒரு பேப்பர்ல வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

தாம்பரம், ஆவடி, திருவொற்றியூர் பக்கம் இருந்து தினமும் ரயிலில் போகிற சகோதரிகளே, உங்கள் பேப்பரில் முதல் வரியாக எதை எழுதுவீர்கள்? இந்தப் பகுதிக்கே எழுதி அனுப்புங்களேன். என் நாத்தனாரின் பட்டியல் வந்ததும் ரெண்டையும் வைத்துப் பார்க்கலாம்.

— போடி வாசகி